டீ வந்த பிறகு பேசலாம்

இந்த ஆண்டு பார்த்த படங்களிலேயே மட்டமான ஒன்றை நான் வாய் வலிக்கப் புகழ்ந்திருக்கிறேன். மனதில் நின்ற ஒரே நல்ல படத்தைக் குப்பை என்று சொல்லியிருக்கிறேன். படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசியதும் தலைகீழாகத்தான். என் உண்மையான அபிப்பிராயம் என்னவென்று பெற்ற மகளுக்குக்கூட முழுசாகத் தெரியாது. அபிப்பிராயம் வயிற்றிலேயே தங்கிவிட்டால் எனக்கு அஜீரணமாகிவிடும். அதனால் இங்கே எழுதி இறக்கி வைக்கிறேன். இத்தனை பொய்யும் என் கணவருக்காகச் சொன்னது.

நாங்கள் சிட்லபாக்கத்தில் இருக்கிறோம். அவர் ஒரு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகளைக் கீழ்க்கட்டளையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, தனியாகப் பேசுங்கள் என்று எங்கள் இருவரையும் முன்னறையில் உட்கார வைத்தார்கள். கடைசியாக என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எப்படி இருந்தது என்றார். சகிக்கவில்லை என்றேன். அது எப்படிச் சகிக்காமல் போகும் என்று ஆரம்பித்தார். தட்டிலிருந்த மிக்சர் தீரும்வரை சண்டை போட்டோம். வெளியே வந்ததும் அவருடைய அம்மா, "பொண்ணு வாயாடியா இருக்குதே" என்று இழுத்தார். அதனால்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார் இவர். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லிக் காட்டுவார்.

புதிதாகக் கல்யாணமானபோது தாம்பரத்தில் ஒரு படம் பார்த்துவிட்டுத் தியேட்டர் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டோம். நான் முன்னால் இறங்கிப் போக, அவர் பின்னால் கையை ஆட்டிக்கொண்டே வர, குடும்பச் சண்டை என்று நினைத்து முன்பின் தெரியாத ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "தம்பி, எதுவா இருந்தாலும் வீட்ல போய்ப் பேசுங்க. சின்னப் பொண்ணு, விட்டுக் கொடுத்துப் போங்க" என்று இவர் தோளைத் தட்டினார். கதாநாயகி செய்தது சரியா தப்பா என்பதுதான் தகராறு என்று அந்தப் பெரியவரிடம் எப்படிச் சொல்வது. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். படம் முடிந்து ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் போய், டீ கைக்கு வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இருவரும் ஒரு வாய் குடித்த பிறகுதான் பேச்சு. புத்தகத்துக்கும் அதேதான். படித்து முடித்தவர் புத்தகத்தை மற்றவர் தலையணைமேல் வைப்பார். அவரும் முடித்த பிறகு டீ போடப்படும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லக் கூடாது. அது ரசத்துக்குச் சொல்வது, அபிப்பிராயம் இல்லை என்பார் அவர். ஏன், எங்கே, எதனால் என்று சொல்ல வேண்டும். அவருக்கு மெதுவாக நகரும் படங்கள் பிடிக்கும். "யாராவது ஒருத்தன் சும்மா நடந்துகிட்டே இருந்தாப் போதும், உங்களுக்கு அது உலகப் படம்" என்று நான் கிண்டல் செய்வேன். எனக்கு அழுகாச்சிப் படங்களைக் கண்டால் ஆகாது. அழ வைக்கிறதுக்கு வெங்காயம் போதும், சினிமா எதற்கு என்பது என் கட்சி. கடைசியில் பதில் கிடைக்காதபோது, "போடி, உனக்குப் படம் பார்க்கவே தெரியல" என்பார். அந்த "போடி" வந்துவிட்டால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஆயருடைய பிரசங்கத்தையும் இதே மாதிரி அலசுவோம். முதல் பாதி பரவாயில்லை, பின்பாதியில் இழுத்துவிட்டார் என்று. கர்த்தர் எங்களைப் பொறுத்துக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், வெளியில் அவர் பரம சாது. ஆபீஸில், கோயிலில், கல்யாண வீட்டில் யார் எதைச் சொன்னாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். அவர் நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் புத்தகத்தை ஒருவர் மட்டம் என்று சொன்னாலும், "அப்படியும் சொல்லலாம்" என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்து நான் கோபப்பட்டால், "வெளியாளோட எதுக்குச் சண்டை? சண்டை போடறதுக்கு உரிமை வேணும்ல" என்பார். எனக்கு மட்டும்தான் அந்த உரிமை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வருடக் கடைசியில் ஒரு தடித்த நாவலை நான் முடித்து அவர் தலையணைமேல் வைத்தேன். அவரும் படித்தார். டீ போட்டேன். கடைசி அத்தியாயத்தைப் பற்றிக் கழுத்தைப் பிடிக்கத் தயாராக உட்கார்ந்தேன். ஒரு வாய் குடித்தார். "நல்லா இருக்கு" என்றார். டீயைச் சொல்கிறார் என்று நினைத்தேன். புத்தகம் எப்படி என்றேன். "அதுவும் நல்லா இருக்கு" என்றார்.

டாக்டரிடம் போனோம். மறதி நோய் என்றார். எங்களுக்கே சந்தேகம் இருந்ததுதான். ஸ்கூட்டரை ஸ்டேஷனில் விட்டுவிட்டு நடந்து வந்தது, குளித்ததை மறந்து மறுபடி குளிக்கப் போனது என்று சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் வயசு என்று சொல்லித் தள்ளிவிட்டேன். இந்த "நல்லா இருக்கு" மட்டும்தான் என்னை டாக்டர் வீடு வரை இழுத்துப் போனது. "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்கம்மா. அவருக்குப் பழக்கமான விஷயங்களையே பேசுங்க. சில நாள் ஆளைத் தெரியும், சில நாள் தெரியாது. பயப்படாதீங்க" என்றார் டாக்டர். பேசத்தானே வேண்டும், அதில் எனக்கென்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பேசினால் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். நான் என்ன சொன்னாலும் ஆமாம். என்னோடு ஒத்துப்போவதற்கா அவரைக் கட்டிக்கொண்டேன்? வீடு அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பிரஷர் குக்கர் கூவுவது கேட்கிற அளவுக்கு அமைதி. எனக்கு ஒரே ஒரு மறுப்பு வேண்டியிருந்தது. ஒரே ஒரு "போடி". அது வந்துவிட்டால் உள்ளே அவர் இருக்கிறார் என்று நம்பிவிடலாம் என்று தோன்றியது. அதற்காகத்தான் பொய் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்கு ரோஷம் வரும்படி எதையாவது சொல்வது, அவ்வளவுதான் திட்டம்.

முதலில் அந்த மட்டமான படம். தாம்பரத்தில் பகல் காட்சிக்கு அழைத்துப் போனேன். ஊருக்கே நல்லது செய்யும் அண்ணன், அவன் உயிராக நினைக்கும் தங்கை. தங்கையைக் கிணற்றில் தள்ளுகிறார்கள், ஏறி வருகிறாள். அவள் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் சபையில் விஷம் குடிக்கிறான், குடித்துவிட்டு வசனம் பேசுகிறான், பிழைத்தும் விடுகிறான். பக்கத்து வரிசையில் எல்லோரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பல்லைக் கடித்துப் பல் வலி வந்துவிட்டது. டீக்கடைக்கு வந்தோம். ஒரு வாய் குடித்ததும், "என்ன மாதிரி படம்ங்க. இப்படி ஒரு அண்ணன் பாசத்தை நான் பார்த்ததே இல்ல" என்றேன். நாக்கு கூசியது. அவர் டீயை ஊதிக்கொண்டே, "ஆமா, நல்லா இருந்துச்சு" என்றார்.

டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். எங்களைப் பல வருடமாகத் தெரிந்தவர். "இன்னாக்கா, சார் கம்முனு கீறாரு? நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு சண்டை போட்டா எனக்கு அந்தப் படத்தைப் பாத்த மாதிரியே இருக்கும். டிக்கெட் காசு மிச்சம்" என்றார். சாருக்கு உடம்பு சரியில்லை என்றேன். அவர் கண்ணாடி ஜாடியிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து இவர் கையில் வைத்தார். அதற்கும் இவர் ஆமாம் என்றார்.

அடுத்தது நல்ல படம். அதைப் பற்றிய நிஜ அபிப்பிராயத்தை இப்போது சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர் வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். சுவர் சமையலறைக்கு நடுவே வருகிறது. அம்மா பெரியவன் பக்கம். சுவர் இடுப்பு உயரம் இருக்கும்போது குழம்புக் கிண்ணத்தைச் சின்னவன் பக்கம் அப்படியே நீட்டுகிறாள். தோள் உயரம் வந்ததும் கையைத் தூக்கி நீட்டுகிறாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறுகிறாள். சுவர் கூரையைத் தொட்ட அன்று, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகத் தெருவில் இறங்கிச் சுற்றிப் போகிறாள். அதோடு படம் முடிகிறது. யாரும் அழவில்லை, யாரும் யாரையும் திட்டவில்லை. நடுவில் இரண்டு பாட்டு அநாவசியம். தம்பி மனைவியாக வந்த பெண் எல்லாவற்றுக்கும் கண்ணை உருட்டினாள். ஆனால் அந்த ஸ்டூலை எடுத்துவர அம்மா உள்ளே போகும் காட்சி, ஒரு வசனம் இல்லை, அதற்காகவே இன்னொரு தடவை பார்க்கலாம். இருட்டில் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் நனைந்திருந்தது. இது அவருடைய படம், அவருக்கென்றே எடுத்த படம்.

டீக்கடையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "சுத்தக் குப்பை. ஒரு சுவர் கட்டறதை ரெண்டு மணி நேரமா காட்டறான்" என்றேன். முன்பென்றால் டீ கொட்டியிருக்கும், அப்படிக் கையை வீசியிருப்பார். "ஆமா, குப்பை" என்றார். அவர் கன்னத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

அந்த வாரம் ஒரு சிறுகதைத் தொகுப்பை அவருக்கு வாய்விட்டுப் படித்தேன், தனியாகப் படிக்க அவருக்கு வரிகள் நிற்பதில்லை. ஏரிப் பக்கம் மனை வாங்கி வீடு கட்டியவர்களின் கதைகள். ஒரு கதையில், மழைக்காலம் வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று புருஷனும் பெண்டாட்டியும் கட்டில் காலுக்குச் செங்கல் வைப்பார்கள். ஒருவர் தூக்க வேண்டும், மற்றவர் செங்கல்லைத் தள்ள வேண்டும். அவன் செத்துப்போன பிறகு வரும் முதல் மழையில் அவள் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தபடி நிற்பாள். நாங்கள் இருவரும் அதைச் செய்தவர்கள்தான். தண்ணீர் வந்த வருடங்களில் நான் குனிவேன், அவர் தூக்குவார். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். இருந்தாலும் விடவில்லை. "இதெல்லாம் ஒரு கதையாங்க" என்றேன். "ஆமா, ஒண்ணும் இல்ல" என்றார்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது இதைக் கவனித்துவிட்டாள். சாப்பிடும்போது நான் அந்த அண்ணன் தங்கைப் படத்தை மறுபடியும் வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அவள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "அம்மா, நீ பேசுறது நீ பேசுற மாதிரியே இல்ல. யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றாள். "அப்பாவைக் கிளப்பறதுக்குத்தான்டி" என்றேன். "அப்பாவை விடும்மா, பாவம்" என்றாள். விட எனக்கு மனம் வரவில்லை. பிடிவாதம் என் கூடப் பிறந்தது.

அதற்கப்புறம் ஒரு விடுமுறை நாள். டிவியில் அதே அண்ணன் தங்கைப் படத்தைப் போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் சோபாவில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். படம் முடிந்ததும் எழுந்து டீ போடக்கூட எனக்குப் பொறுமை இல்லை. இந்தத் தடவை எப்படியும் உசுப்பிவிட வேண்டும் என்ற வெறி. "அந்தத் தங்கச்சி கிணத்துலேர்ந்து ஏறி வர்ற சீன் இருக்கே, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இந்த மாதிரிப் படம் இனிமே யார் எடுப்பா" என்றேன்.

அவர் நெற்றி சுருங்கியது. இரண்டு புருவத்துக்கும் நடுவே அந்தப் பழைய கோடு விழுந்தது. சண்டைக்கு முன்னால் விழும் கோடு அது. வந்துவிட்டார், இதோ வருகிறார் என்று சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"இல்லைங்க" என்றார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குப் பிடிச்சிருந்தா சந்தோஷம். ஆனா என் வொய்ஃப் இங்க இருந்திருந்தா இந்தப் படத்தைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பா."

விளையாடுகிறார் என்று முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை "நீங்க" என்று சொன்னதே கிடையாது. காலை மடக்காமல், கையை முழங்காலில் வைத்து, விருந்தாளி முன்னால் உட்காருவது போல உட்கார்ந்திருந்தார். வீட்டில் பேர் சொல்லி என்னைக் கூப்பிடும் வழக்கம் அவருக்கு எப்போதுமே இல்லை, டம்ளரைத் தட்டினால் நான் வருவேன். அதனால் எப்போதிலிருந்து நான் யாரோ ஆகிப் போனேன் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

"என்ன சொல்லுவாங்க உங்க வொய்ஃப்?" என்று கேட்டேன்.

"கிணத்துல விழுந்து ஏறி வர்றா, மூஞ்சில பவுடர் கலையலையேன்னு கேப்பா. உள்ள இருந்தது தண்ணியா, பவுடரான்னு கேப்பா. விஷத்தைக் குடிச்சிட்டு அந்த அண்ணன் அவ்ளோ நேரம் பேசறானே, அது என்ன விஷம், எனக்குக் கொஞ்சம் காட்டுன்னுவா. சயின்ஸ் டீச்சர், லேசுல விட மாட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகிவிட்டது. அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் மனதுக்குள் நினைத்ததை, யாரிடமும் சொல்லாததை, ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப இத்தனை நாளா நான் சொன்னதுக்கெல்லாம் ஆமான்னு சொன்னீங்களே."

"மரியாதைக்குத்தாங்க. நீங்க எங்கிருந்தோ வந்து என்னை இவ்ளோ நல்லா பாத்துக்கிறீங்க. உங்ககிட்ட போய்ச் சண்டை போட முடியுமா? சண்டையெல்லாம் அவகிட்டதான்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க டீ வர்றதுக்கு முன்னாடியே பேசிடறீங்க. அவ பேச மாட்டா" என்றார்.

டீ போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். பழக்கமானதையே பேசுங்கள் என்று டாக்டர் சொன்னார். நான் பேசியது ஒன்றுகூடப் பழக்கமானதில்லை. முகம் மறந்தாலும், பேர் மறந்தாலும், நான் என்ன சொல்வேன் என்பது அவருக்கு மறக்கவில்லை. அதை வைத்து என்னை அவர் கண்டுபிடித்திருக்கலாம். அதை நானே அழித்து அழித்து, வீட்டுக்குள் வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். எப்படியும் ஒருநாள் மறந்திருப்பார், உன்னால் இல்லை என்று இதைக் கேட்ட பிறகு மகள் சொல்கிறாள். இருக்கலாம். நெஞ்சு உடைந்தது என்று யாராவது கதையில் எழுதினால் நான் கேலி செய்வேன். இனிமேல் செய்ய மாட்டேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு டம்ளரோடு வந்தேன். ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். எதிரே உட்கார்ந்தேன். டீ வந்துவிட்டதால் உண்மையைச் சொன்னேன். "அழ வைக்கிறதுக்கு வெங்காயம் போதும். சினிமா எதுக்கு?"

அவர் சட்டென்று திரும்பினார். என் முகத்தை, தலைமயிரை, கண்ணாடியை, மறுபடி முகத்தை என்று வெகு நேரம் பார்த்தார்.

"நீங்க என் வொய்ஃபைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "அச்சு அசல் இதையேதான் சொல்லுவா."

"பாத்திருக்கேன்" என்றேன்.

"எங்கயாவது பாத்தா வரச் சொல்லுங்க. படம் பாத்தாச்சு, டீயும் வந்துருச்சு. அவ ஒரு வாய் குடிச்சாத்தான் நான் பேச முடியும்."

அவர் டீயைக் குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்திருந்தார். நான் என் டம்ளரை எடுத்து, அவர் பார்க்கும்படி ஒரு வாய் குடித்தேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு, மறுபடி வாசலைப் பார்த்தார்.

"சொல்லிடறேங்க" என்றேன்.